அளவுகோலும் தாய்மொழியும்: இந்தியாவில் குழந்தைப் பேச்சுப் பயிற்சி வளர்ந்த கதை

மைசூரின் மானசகங்கோத்ரிப் பகுதியில் இந்திய அரசின் இரு நிறுவனங்கள் அண்டை அயலாக இருக்கின்றன. ஒன்று, 1960களின் நடுவில் தோன்றிய அகில இந்தியப் பேச்சு கேட்டல் நிறுவனம். மற்றொன்று, 1969இல் நிறுவப்பட்ட இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம். முன்னது சுகாதார அமைச்சகத்தைச் சேர்ந்தது. பின்னது கல்வி அமைச்சகத்தைச் சேர்ந்தது. பேச வேண்டிய வயதில் பேசாத குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெற்றோர் வந்து நிற்பது முதல் வாயிலில். அக்குழந்தை பேச வேண்டிய மொழியின் ஒலிகள் எவை, இலக்கணம் எது, வட்டார வழக்குகள் எவை என்று ஆராய்வோர் அமர்ந்திருப்பது இரண்டாம் வாயிலுக்குள். இந்தியாவில் குழந்தைகளுக்கான பேச்சு, வளர்ச்சிச் சேவைகளின் வரலாற்றை இவ்விரு வாயில்களுக்கும் இடைப்பட்ட தூரத்தின் வரலாறாகவே வாசிக்கலாம்.

மைசூருக்கு முந்தைய நிலையைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். 1885இல் பம்பாயிலும் 1893இல் கல்கத்தாவிலும், அந்நூற்றாண்டின் இறுதியில் பாளையங்கோட்டையிலும் செவித்திறன் குறையுடைய குழந்தைகளுக்கான பள்ளிகள் தோன்றின. அவை பள்ளிகள், ஆகவே பள்ளி வயதை எட்டிய பிறகே குழந்தை அங்கே வந்து சேர்ந்தது. மொழி இயல்பாக ஊன்றும் முதல் மூன்று, நான்கு ஆண்டுகள் அதற்குள் கழிந்திருக்கும். குடும்பத்திற்கு அங்கே பங்கு ஏதுமில்லை. குழந்தையைக் கொண்டுவந்து ஒப்படைப்பதோடு பெற்றோரின் பணி முடிந்தது. காது நன்றாகக் கேட்டும் பேச்சு வராத குழந்தைக்கோ அப்பள்ளிகளிலும் இடமில்லை. ‘அவன் அப்பாவும் நான்கு வயதில்தான் பேசினார்’ என்ற ஆறுதலும், கோயிலில் செய்துகொண்ட நேர்த்தியும், நாவில் உரைத்துத் தடவிய வசம்புமே குடும்பத்தின் கைவசம் இருந்தவை. வசம்புக்குப் ‘பிள்ளை வளர்ப்பான்’ என்று பெயரிட்ட சமூகம், குழந்தையின் பேச்சைப் பற்றிக் கவலையற்று இருந்தது என்று யாரும் கூற முடியாது. கவலைக்கு விடை சொல்லும் துறைதான் இல்லை.

மைசூர் மன்னர் ஜெயசாமராஜ உடையார் அளித்த 32 ஏக்கர் நிலத்தில், 1966 ஜூலை 25 அன்று குடியரசுத் தலைவர் இராதாகிருஷ்ணன் புதிய நிறுவனத்தின் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டினார். மைசூர்ப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து பட்டப்படிப்புகள் தொடங்கின. ஏறத்தாழ அதே பத்தாண்டில் பம்பாயின் நாயர் மருத்துவமனையிலும் பேச்சு கேட்டல் பயிற்சி வகுப்புகள் உருவாகின. பாடத்திட்டம், பாடநூல், சோதனைத் தாள் ஆகிய அனைத்தும் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வந்தவை. புதிய துறை ஒன்று தொடங்கும்போது இதைத் தவிர்ப்பது கடினம். அதற்காகத் தொடக்க காலத்தாரைக் குறை கூறுவது நியாயமாகாது. எனினும் இறக்குமதியான அந்த ஏற்பாட்டில் ஒரு பகுதி இந்திய மண்ணில் தொடக்கத்திலேயே பொருந்தாமல் போயிற்று. வாரத்தில் ஓரிரு முறை குழந்தை நிலையத்துக்கு வரும், வல்லுநர் பயிற்சி தருவார், பெற்றோர் வெளியே காத்திருப்பர் என்பது அமெரிக்க நகரத்தின் கால அட்டவணை. ஆந்திரத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் இரவெல்லாம் இரயிலில் வரும் குடும்பத்திற்கு அடுத்த வாரம் என்று ஒன்று கிடையாது.

ஆதலால் வல்லுநர்கள் தாய்க்குக் கற்பித்தனர். குழந்தையைச் சோதித்து, சில நாள்கள் உடன் வைத்திருந்து, வீட்டில் செய்ய வேண்டியதைத் தாயின் கையாலேயே செய்யவைத்துப் பார்த்து அனுப்பும் முறை பற்றாக்குறையின் விளைவாகப் பிறந்தது. பின்னர் அதுவே கொள்கையாயிற்று. 1969இல் சென்னையில் தொடங்கப்பட்ட பாலவித்யாலயா, செவித்திறன் குறையுடைய மிகச் சிறு குழந்தைகளைத் தாயோடு சேர்த்தே வகுப்பறைக்குள் அழைத்தது. ஐந்து வயதுக்குள் மொழியைக் கொடுத்துப் பொதுப்பள்ளிக்கு அனுப்புவது அதன் இலக்கு.

இம்முறையில் குடும்பம் உண்மையில் கற்றுக்கொண்டது என்ன? ‘சொல்லு, சொல்லு’ என்று குழந்தையை நெருக்காதிருப்பது முதல் பாடம். குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் துணி மடிக்கும்போதும், செய்கின்ற செயலையே சிறுசிறு தொடர்களாகச் சொல்லிக்கொண்டிருப்பது அடுத்தது. கேட்டுவிட்டுக் காத்திருப்பது அதைவிடக் கடினமானது. குழந்தை விரல் நீட்டுவதற்கு முன்பே தண்ணீரை எடுத்துக் கொடுத்துவிடும் அன்பு, குழந்தை கேட்பதற்கான தேவையையே எடுத்துவிடுகிறது. இவற்றுக்குக் கருவியும் வேண்டாம், கட்டடமும் வேண்டாம். இன்னொன்றும் கிடைத்தது. ‘உன் குழந்தைக்குக் கேட்கவில்லை’ என்ற சொல் துயரமானதுதான். ஆனால் கருவுற்ற காலத்தில் கிரகணம் பார்த்தாள், குழந்தையோடு பேசாமல் விட்டாள் என்றெல்லாம் தாயின் மீது சுமத்தப்பட்ட பழியை அச்சொல் ஒரே நாளில் இறக்கிவைத்தது. செவித்திறன் சோதனையின் முதல் பயனாளி பல வீடுகளில் தாயாகவே இருந்திருப்பாள்.

அவளே முதல் ஊழியரும் ஆனாள் என்பதையும் உடன் சொல்ல வேண்டும். ஊதியமில்லாத, விடுமுறையில்லாத இப்பணி எந்தத் திட்ட மதிப்பீட்டிலும் செலவாகக் காட்டப்படுவதில்லை. ‘பெற்றோர் பயிற்சி’ என்ற பெயரில் உள்ள ‘பெற்றோர்’ நடைமுறையில் பெரும்பாலும் ஒருவரையே குறித்தது. துறை இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்ட அளவுக்குக் கேள்வியாகக் கேட்டுக்கொண்டதில்லை.

இனி, சோதனைத் தாள். ஒரு குழந்தையின் உச்சரிப்பு பிறழ்ந்திருக்கிறது என்று சொல்ல வேண்டுமானால், பிறழாத உச்சரிப்பு எது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். ஆங்கிலக் குழந்தை எந்த வயதில் எந்த ஒலியைப் பெறுகிறது என்னும் அட்டவணை, நாவளை ஒலிகளும் இரட்டித்த மெய்களும் நிறைந்த திராவிட மொழிக் குழந்தையைப் பற்றி ஏதும் சொல்லாது. 1972இல் கன்னட உச்சரிப்புச் சோதனை உருவானது இவ்வகையில் ஒரு திருப்பம். குழந்தைக்குத் தெரிந்த கன்னடச் சொற்களைக் கொண்டே அதன் ஒலிகளைச் சோதிக்க முடிந்தது.

ஆனால் எந்தக் கன்னடம்? பழைய மைசூர்ப் பகுதியின் கிராமப்புறப் பேச்சில் சொல்லின் முதலில் வரும் ஹகரம் மறைவது இயல்பு. பாலைக் குறிக்கும் ‘ஹாலு’ பல வீடுகளில் ‘ஆலு’. பிராமணர் பேச்சிலும் நகரத்துப் படித்தோர் பேச்சிலும் ஹகரம் நிற்கும். வில்லியம் பிரைட்டும் ஏ.கே. இராமானுஜனும் 1960களிலேயே தென்னிந்தியச் சாதி வழக்குகளைப் பற்றி எழுதியவர்கள். ஆகவே மொழியியலார்க்கு இது செய்தியே அன்று. சோதனை அறையில் அமர்ந்திருப்பவருக்கு அது தெரியாவிட்டால், ‘ஆலு’ என்று சொன்ன குழந்தையின் தாளில் ‘ஹகரம் இல்லை’ என்று பதிவாகும். தன் வீட்டு வழக்கைச் சரியாகப் பேசிய குழந்தை, சாதியின் எல்லைக்கோட்டில் நின்றதற்காகக் குறையுடையதாகிவிடும். தமிழில் ழகரத்தை ளகரமாகவோ யகரமாகவோ ஒலிக்கும் குழந்தைக்கும் இதுவே கதை. பேச்சுப் பயிற்சியில் மொழியியல் ஓர் அலங்காரப் பாடம் என்று எண்ணுவோர் சிந்திக்க வேண்டிய இடம் இது.

தொடரின் நீளத்தை அளப்பதிலும் இதே சிக்கல் எழுந்தது. 1973இல் ரோஜர் பிரவுன், ஆடம், ஈவ், சாரா என்னும் மூன்று அமெரிக்கக் குழந்தைகளின் பேச்சைக் கொண்டு, ஒரு கூற்றில் சராசரியாக எத்தனை உருபன்கள் உள்ளன என்பதை மொழி வளர்ச்சியின் அளவாக்கினார். ஆங்கிலத்தில் உருபனை எண்ணினாலும் சொல்லை எண்ணினாலும் தொடக்கத்தில் பெரிய வேறுபாடு இல்லை. ஒட்டுநிலை மொழிகளில் அப்படியன்று. ‘போகமாட்டேன்’ என்று அடம்பிடிக்கும் தமிழ்க் குழந்தை ஒரே சொல்லைத்தான் சொல்கிறது. அதையே ஆங்கிலக் குழந்தை முழுத் தொடராகச் சொல்ல நான்கு சொற்கள் வேண்டும். சொல்லை எண்ணினால் தமிழ்க் குழந்தை பின்தங்கியது. உருபனை எண்ணினால் முந்திக்கொண்டது. முந்திக்கொண்டது என்பதும் ஐயத்திற்குரியதே. ‘மாட்டேன்’ என்பதை அக்குழந்தை பிரித்தறிந்து ஆள்கிறதா, முழுச் சொல்லாக மனத்தில் வைத்திருக்கிறதா என்பது தனி ஆய்வுக்குரிய கேள்வி. 1980இல் பிரதிபா காரந்த் கன்னடத்திற்கென உருவாக்கிய மொழித்திறன் சோதனை, ஒலியியல், தொடரியல், பொருண்மை எனப் பகுத்துக் கன்னட இலக்கணத்திற்குள்ளிருந்தே வினாக்களை எழுப்பியது. இரு வாயில்களுக்கும் இடையே ஒருவர் நடந்து சென்றதன் பலன் அது.

மேற்கே பரோடாவில் வேறொரு முயற்சி நடந்தது. நான்சி பெய்லியின் குழந்தை வளர்ச்சி அளவுகோலை எடுத்துக்கொண்டு, இந்தியக் குழந்தைகளைச் சோதித்து, பிரமிளா பாட்டக் 1970இல் இந்திய நெறியளவுகளை வெளியிட்டார். இயக்கத்திற்கு 67 உருப்படிகள், உளத்திறனுக்கு 163. விரிவான கருவி, பயிற்சி பெற்ற உளவியலாளர் வேண்டும், பொருள்கள் நிறைந்த பெட்டி வேண்டும், நேரமும் வேண்டும். அங்கன்வாடிக்கு அது போய்ச் சேராது.

1987இல் திருவனந்தபுரத்தில் எம்.கே.சி. நாயர் தொடங்கிய குழந்தை வளர்ச்சி மையம் அந்தப் பெட்டியைக் களைந்தது. பரோடா நெறியளவுகளிலிருந்து 17 உருப்படிகளை மட்டும் தேர்ந்து, இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கு 1991இல் வெளியிட்ட அட்டவணைக்கு ஒரு பேனாவும் ஒரு சாவிக்கொத்தும் போதும். குழந்தையின் வயதில் செங்குத்தாக ஒரு கோடு. அக்கோட்டுக்கு இடப்புறம் முடிந்துவிட்ட உருப்படி எதையேனும் குழந்தை செய்யவில்லையென்றால் மேற்சோதனைக்கு அனுப்ப வேண்டும். சில நிமிடங்களில் ஓர் அங்கன்வாடிப் பணியாளர் செய்துவிடலாம். பதினேழில் பேச்சை நேரடியாகத் தொடுவது ஒன்று: ‘இரண்டு சொற்கள் சொல்கிறது’. எந்த மொழியின் சொற்கள் என்று அட்டவணை கேட்பதில்லை. இந்தியா போன்ற நாட்டில் அக்கருவி பரவலாகப் பயன்பட்டதற்கு அந்தக் கேளாமையும் ஒரு காரணமாகலாம். ஆனால் இரண்டு சொற்களுக்குப் பிறகு மொழி வந்தே தீரும். மூன்று வயது வரையிலான மொழித்திறனுக்கென அதே மையம் பின்னர்த் தனி அளவுகோல் அமைத்ததும் அதனால்தான்.

1961 கணக்கெடுப்பு 1652 தாய்மொழிப் பெயர்களைப் பதிவு செய்த நாடு இது. வீட்டில் ஒன்று, தெருவில் ஒன்று, பள்ளியில் ஒன்று என்பது இங்கே விதிவிலக்கன்று. நடுவண் நிறுவனத்தின் முதல் இயக்குநர் தேவி பிரசன்ன பட்டநாயக் பன்மொழியத்தை இந்தியாவின் இயல்பாகக் கருதித் தாய்மொழிக் கல்விக்காக வாதிட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், பேச்சுத் தாமதமுள்ள குழந்தையின் பெற்றோருக்கு நாடெங்கும் கிடைத்த பரவலான அறிவுரை ‘ஒரே மொழியில் பேசுங்கள்’ என்பது. அந்த ஒரு மொழி பல நேரங்களில் பள்ளியின் ஆங்கிலமாக இருந்தது. ஆங்கிலம் சரளமாக வராத தாய், வராத மொழியில் தன் குழந்தையோடு பேச முயன்றாள். பாட்டியோ பேசுவதையே நிறுத்திக்கொண்டாள். வீட்டில் பேச்சின் அளவு குறைந்தது. இருமொழிச் சூழல் பேச்சுத் தாமதத்தை உண்டாக்குவதில்லை என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டியபோதும் அவ்வறிவுரை முற்றிலும் மறையவில்லை.

அரசு இத்துறைக்குச் சட்ட வடிவம் கொடுத்தது தாமதமாகத்தான். 1992இன் மறுவாழ்வுக் கவுன்சில் சட்டம் வல்லுநர்களின் தகுதியை ஒழுங்குபடுத்தியது. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது. கேட்டல் குறைபாடு உண்டு, பேச்சும் மொழியும் இல்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியலை 21 ஆக விரித்து ஆட்டிசத்தையும் ‘பேச்சு, மொழிக் குறைபாட்டையும்’ சேர்த்தது. வரவேற்கத் தக்கதே. ஆனால் வரையறையை வாசிக்க வேண்டும்: உடலுறுப்பு அல்லது நரம்பியல் காரணத்தால் நேரும் நிலையான குறைபாடு, எடுத்துக்காட்டுகள் குரல்வளை அகற்றமும் அஃபேசியாவும். வளர்ந்தவரின் நோய்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட வாக்கியம் இது. காது கேட்கிறது, ஆட்டிசம் இல்லை, அறிவுத்திறன் குறையவில்லை, புலப்படும் நரம்புக் காரணமும் இல்லை, ஆயினும் நான்கு வயதில் தொடர் அமைக்க இயலாத குழந்தை அதற்குள் எளிதில் அடங்காது. ‘வளர்ச்சிசார் அஃபேசியா’ என்ற சொல், அதே சட்டத்தில் கற்றல் குறைபாட்டின் வரையறைக்குள் ஒளிந்திருக்கிறது. கற்றல் குறைபாட்டுச் சான்றிதழோ, 2018 வழிகாட்டு நெறிகளின்படி எட்டு வயதில்தான் தொடங்கும். மூன்று வயதுக்கு முன் தலையிட வேண்டும் என்று துறை அரை நூற்றாண்டாகச் சொல்லிவருவதையும் இந்த எட்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத்திட்டம் இவ்விடைவெளியைச் சட்டத்தின் வழியே அல்லாமல் மருத்துவத்தின் வழியே கடக்க முயன்றது. பிறப்பு முதல் 18 வயது வரை 30 நிலைகள். மொழித் தாமதம் அவற்றுள் ஒன்றாகவே பெயரிடப்பட்டது. நடமாடும் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும் பள்ளிகளுக்கு ஒருமுறையும் செல்ல வேண்டும். கண்டறியப்பட்ட குழந்தை மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்திற்கு வரும். அங்கே மருத்துவர், உளவியலாளர், இயன்முறையாளர் ஆகியோருடன் பேச்சு கேட்டல் வல்லுநரும் இருப்பார். சான்றிதழ் கேட்காமல் குழந்தையை உள்ளே விடுவது இத்திட்டத்தின் பெரும் நன்மை. ஆனால் கண்டறிதல் ஒரு நாள் வேலை. பயிற்சி மாதக் கணக்கில் நீள்வது. ஒரு மாவட்டத்திற்கு ஒரு மையம் என்னும்போது, தினக்கூலியை இழந்து இரண்டு பேருந்து மாறி வாரந்தோறும் வர வேண்டியவர் மீண்டும் அதே தாய்தான். மைசூரின் முதல் தலைமுறை இரயில் பயணிகளிடம் கற்றுக்கொண்ட பாடம், இம்மையங்களில் மறுபடியும் தொடக்கத்திலிருந்து கற்கப்படுகிறது.

இதற்கிடையில் மொழிக் கேள்வியும் இடம் மாறியிருக்கிறது. எர்ணாகுளம் மாவட்டத்தின் பெரும்பாவூரில் ஒட்டுப்பலகை ஆலைகளில் வேலை செய்வோரில் வங்காளம், அசாம், ஒடிசா ஆகிய மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் மிகுதி. அங்குள்ள அங்கன்வாடிக்கு வரும் அவர்களின் இரண்டரை வயதுக் குழந்தை மலையாளத்தில் பேசவில்லையென்றால், அது தாமதமா, மொழி தெரியாமையா என்று சொல்ல, வங்காளத்திலோ அசாமியத்திலோ ஒடியாவிலோ அக்குழந்தைக்கு எத்தனை சொற்கள் தெரியும் என்று முதலில் கேட்டாக வேண்டும். கேட்பதற்கான பட்டியலும் அந்த மொழியில் வேண்டும், பதிலைப் புரிந்துகொள்ளும் ஒருவரும் வேண்டும். அதுவரை பணியாளர் தாயிடம் சைகையிலும் அரைகுறை இந்தியிலும் விசாரித்து, பட்டியலில் ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே தாய் சொன்னதை மலையாள எழுத்தில் குறித்துக்கொள்ளலாம்.