குவாதலூப் தீவின் வழிபாட்டுத் தமிழ்: ஒரு வரலாற்றுச் சான்று நோக்கு

கரீபியக் கடலின் கிழக்கு விளிம்பில், பட்டாம்பூச்சி சிறகு விரித்தாற்போல் அமைந்தது குவாதலூப் தீவு. மேற்குச் சிறகாகிய பாஸ்-தேர் எரிமலையும் மழைக்காடும் கொண்டது. கிழக்குச் சிறகாகிய கிராந்த்-தேர் கரும்பு விளையும் தாழ்நிலம். பாஸ்-தேரின் காபெஸ்தேர் ஊரில், சாங்ஜி என்னுமிடத்தில், மாரியம்மன் கோயில் ஒன்று உள்ளது. அங்கு வழிபடுவோர் வீட்டில் பேசுவது கிரியோல். பள்ளியில் கற்பது பிரெஞ்சு. பூசையில் ஒலிப்பதோ தமிழ். ஓதுவோருள் பலர் பொருளறியாது ஓதும் இத்தமிழ் வரலாற்றுச் சான்றாகக் கொள்ளத்தக்கதா என்பது ஆய்வாளர் எதிர்கொள்ள வேண்டிய வினாவாகும்.

இத்தீவில் உழைப்பின் வரலாறு குருதி தோய்ந்தது. 1794இல் ஒழிக்கப்பட்ட அடிமை முறையை 1802இல் நெப்போலியன் அரசு மீண்டும் புகுத்த முனைந்தபோது, லூயி தெல்கிரெஸ் என்னும் படைத்தலைவர் தம் தோழர்களுடன் மத்தூபா மலைச்சரிவில் வெடிமருந்துக்குத் தீயிட்டு மாண்டார். இறுதி விடுதலை 1848இல்தான் வந்தது. விடுதலை பெற்றோர் பழைய தோட்டங்களுக்குப் பழைய நிலையில் திரும்ப விரும்பவில்லை. அவர்களது இடத்தை நிரப்பவும், அவர்கள் கேட்ட கூலியைக் குறைக்கவும் தோட்ட முதலாளிகள் இந்தியாவை நாடினர். 1854 டிசம்பர் இறுதியில் ‘ஒரேலி’ என்னும் கப்பல் முதல் தொகுதி ஒப்பந்தத் தொழிலாளரைக் குவாதலூப்பில் இறக்கியது. 1861இல் பிரித்தானியாவுடன் செய்துகொண்ட உடன்படிக்கையால் ஆள்சேர்ப்பு பிரித்தானிய இந்தியாவுக்கும் விரிந்தது. தொழிலாளர் நடத்தப்பட்ட முறை குறித்த முறையீடுகள் பெருகவே, பிரித்தானிய இந்திய அரசு 1888இல் இதற்குத் தடை விதித்தது. கடைசிக் கப்பல் 1889இல் வந்து சேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் ஏறத்தாழ 42,000 பேர் கொண்டுவரப்பட்டனர். ஒப்பந்தம் திரும்பும் உரிமையை அளித்திருந்தும், நான்கில் ஒரு பங்கினருக்கும் குறைவானோரே தாயகம் மீண்டனர்.

இவர்களைக் குறிக்கும் ஆவணச் சொல் ஒன்று ஆய்வாளரை வழிதவறச் செய்யக்கூடியது. ‘மலபார்’ என்னும் சொல் இன்று கேரளத்தை நினைவூட்டுகிறது. ஆயின் ஐரோப்பியர் நெடுங்காலம் தமிழரையும் தமிழ்மொழியையுமே அச்சொல்லால் சுட்டினர். குவாதலூப் கிரியோலில் அது ‘மலபா’ எனச் சுருங்கி, ‘கூலி’ என்பதோடு இணைந்து வசைச்சொல்லாகவும் வழங்கிற்று. கல்கத்தா வழியே வந்த வட இந்தியரும் தீவில் இருந்தனராதலின், இச்சொல்லைக் கண்டவிடமெல்லாம் தமிழர் எனக் கொள்வதும் பிழையாகும்.

ஆவணம் தராத செய்தியை வழிபாடு தருகிறது. மாரியம்மன் இங்கு ‘மாலியெமென்’. மதுரை வீரன் ‘மால்தெவிலென்’. இவ்விரு பெயர்களிலும் ரகரம் ஒருபோல் லகரமாகியிருத்தலால், இதனைச் சிதைவு என்று தள்ளாமல் ஒலிமாற்றம் என்று கொள்வதே பொருந்தும். வேப்பிலை ‘வெப்பெலெ’ ஆயிற்று. தப்பும் மத்தளமும் ‘தப்பூ’, ‘மத்தலோம்’ என்னும் பெயர்களில் வாழ்கின்றன. இச்சொற்களினூடே தெரிவது ஆகமக் கோயிலன்று. ஊர்த் தெய்வமும், பலியும், பறையொலியும் கொண்ட சிற்றூர்ச் சமயம். கடல் கடந்தோர் எத்தகைய சமூகத்தினர் என்பதற்கு இதனினும் நேரிய சான்று அரிது.

நாகூர் ஆண்டவர் வழிபாடு இன்னும் நுட்பமானது. மாரியம்மன் கோயில் வளாகங்களிலேயே நாகூர் மீராவுக்குக் கம்பம் நட்டுக் கொடி ஏற்றுகின்றனர். கடற்பயணத்தில் காத்தவராக அவரைப் போற்றுகின்றனர். வழிபடுவோர் இந்துக்கள், பலர் கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெற்றோருங்கூட. கப்பலேறிய துறைகளுள் ஒன்றாகிய காரைக்காலுக்குத் தெற்கே, அண்மையிலேயே உள்ளது நாகூர். துறைமுகத்தின் சுற்றுவட்டாரம் தன் காவல் தெய்வத்தையும் கப்பலேற்றி அனுப்பிற்று எனலாம். இரவு முழுதும் ஆடப்பட்ட ‘நாத்ரோன்’ என்னும் கூத்தும் நாடகம் என்பதன் திரிபே. அடுக்களையிலும் ஒரு தடயம் உண்டு. தீவின் பொதுவுணவாகிவிட்ட ‘கொலோம்போ’வை இலங்கைத் தலைநகரோடு இணைத்துப் பேசுவது வழக்கம், அதைக் குழம்பு என்னும் சொல்லோடு இணைப்பதே ஏற்புடையது.

பண்பாடு இவ்வாறு நிலைத்தபோதும் அரசியல் உரிமை எளிதில் கிட்டவில்லை. 1863இல் காபெஸ்தேரில் ஒப்பந்தத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர் ஆன்றி சிதம்பரம். தீவிலேயே பிறந்த இந்திய வம்சாவளியினரை வாக்காளர் பட்டியலில் சேர்க்க மறுத்த ஆளுநர் நிர்வாகத்தை எதிர்த்து, அவர் 1904இல் வழக்காடத் தொடங்கினார். பெற்றோர் பிரித்தானியக் குடிகள் எனின் பிள்ளைகள் எந்நாட்டினர்? இவ்வினாவுக்கு விடை கிடைக்க 1923 வரை ஆயிற்று. அவர் கோரியது பிரெஞ்சுக் குடியுரிமையே. அதற்காகத் தமிழ் அடையாளத்தை விடுக்க வேண்டுமென அவர் கருதியதாகத் தெரியவில்லை. ஆயினும் பிரெஞ்சுப் பள்ளியும் படைச்சேவையும் வாக்குரிமையோடு சேர்ந்தே மொழியிழப்பை விரைவுபடுத்தின என்பதை மறுத்தற்கில்லை.

அண்மைப் பத்தாண்டுகளில் இந்தியாவுடன் தொடர்பு மீண்டுள்ளது. தமிழ் கற்கும் ஆர்வமும் தோன்றியுள்ளது. அதனோடு ஒரு சிக்கலும் எழுந்துள்ளது. ஆட்டுக்கிடாய்ப் பலியைக் கைவிட்டு, உச்சரிப்பைத் திருத்தி, வழிபாட்டை ‘முறைப்படுத்த’ வேண்டும் என்போர் ஒருபுறம். முன்னோர் தந்ததே முறை என்போர் மறுபுறம். எதைக் கொள்வது என்பது அம்மக்களின் உரிமை. ஆனால் ‘மால்தெவிலென்’ என்பதைப் பிழையென்று அழித்து ‘மதுரை வீரன்’ என்று எழுதும் பொழுது, அப்பெயர் கடல் கடந்து வந்த வழியும் கிரியோல் நாவில் வாழ்ந்த வாழ்வும் பதிவின்றி மறையும். பூசாரிகள் கைப்பட எழுதி வைத்துள்ள பாடல் ஏடுகளும், முதியோர் வாய்மொழி ஓதல்களும் உள்ளவாறே, திருத்தமின்றி, ஒலிப்பதிவும் எழுத்துப்பதிவும் செய்யப்படுதல் உடனடித் தேவை.