அந்தமானும் நல்ல தண்ணீரும்

அந்தமானுக்குப் பிழைப்பை நாடி வந்த தமிழர் முதலில் வியப்பது அங்குப் பெய்யும் மழையை. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெறும் அத்தீவுகளில், ஜனவரி முதல் ஏப்ரல் வரை குடத்துடன் காத்திருக்க நேர்வது அதனினும் பெரிய வியப்பாகும். காரணம் நிலத்தின் அமைப்பே. தீவுகள் குறுகியவை, குன்றுகள் சரிவானவை, ஓடைகள் சிறியவை. பெய்த நீர் விரைந்து கடலைச் சேர்ந்துவிடுகிறது.

இவ்வுண்மையை ஆங்கிலேயர் துன்பப்பட்டே கற்றனர். 1789-ல் ஆர்ச்சிபால்டு பிளேர் சாத்தம் தீவில் அமைத்த குடியேற்றம், 1792-ல் வட அந்தமானுக்கு மாற்றப்பெற்று, நோயின் கொடுமையால் 1796-ல் கைவிடப்பட்டது. 1858 மார்ச்சில் டாக்டர் ஜே. பி. வாக்கர் 200 கைதிகளுடன் வந்திறங்கினார். சாத்தம் தீவில் நல்ல நீர் போதாமையால், குடியேற்றத்தின் தலைமையிடம் ராஸ் தீவிற்குப் பெயர்ந்தது.

ஆனால், பெரிய நிக்கோபாரில் வாழும் சோம்பென் மக்கள் நீரைத் தேக்கும் கலையை அறிந்தே இருந்தனர். மூங்கிலை நெடுக்காகப் பிளந்து சரிவிலும் மரத்தடியிலும் வைப்பர். துளித்துளியாக வடியும் நீர் ஒரு சிறு குழியில் சேரும். அது நிரம்பியதும் அடுத்த குழிக்குப் பாயும். இறுதியில் எல்லாவற்றிலும் பெரிய குழியை அடையும். ஓடும் நீரை நிறுத்துவதே இதன் தத்துவம். 1973-ல் போர்ட் பிளேருக்காகத் தனிக்கரி அணை கட்டப்பட்டபோது கையாளப்பட்டதும் இதே தத்துவந்தான், அளவுதான் வேறு. அந்நகருக்கு 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயரிடப்பட்டது.

நாடு விடுதலை பெற்றபின் குடியேறியோர் பலர். 1949 முதல் கிழக்கு வங்க அகதிகள் வந்தனர். 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர் சிலர் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் அமர்ந்தனர். ஏரியும் கிணறும் அறிந்த நம்மவர்க்கும் இந்நிலம் புதியதே.

2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை எழுந்தபோது, கிணறுகளிலும் வயல்களிலும் உவர்நீர் புகுந்தது. 1978-ல் நிறுவப்பட்ட மத்திய வேளாண் ஆராய்ச்சி நிலையம் அதற்கு ஒரு வழி காட்டிற்று. அகன்ற மேட்டுப் பாத்திகளும் அவற்றிடையே பள்ளங்களும் அமைத்தால், மழை மேட்டின் உப்பைக் கழுவும். பள்ளத்தில் நன்னீர் நிற்கும். மேட்டில் காய்கறி, பள்ளத்தில் மீன் என இரு பயனும் கிடைக்கும்.

நீர் மேலாண்மை பயிலும் மாணவர் வெளிநாடு செல்வதை நாம் வரவேற்கிறோம். 1955-ல் ரூர்க்கியில் தொடங்கிய நீர்வளப் பயிற்சி மையத்திற்கு ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் பொறியாளர் வந்து கற்றதும் இம்முறையிலேதான். ஆயினும், அயலில் கற்ற கணக்கு உள்ளூர்ச் சரிவில் சரிபார்க்கப்பட வேண்டும். சோம்பென் மக்களின் காட்டிற்குள் நாம் புகலாகாது. 1956-ஆம் ஆண்டு ஒழுங்குவிதி அவர்களைப் பாதுகாக்கிறது. கற்க வேண்டியது அவர்தம் தத்துவத்தை. கற்கும் இடமோ நம் வீட்டுக் கூரையும் முற்றமும். பள்ளி விடுமுறையில் ஒரு கோடை முழுவதும் தன் ஊர்க் கிணற்றின் நீர்மட்டத்தை நாள்தோறும் அளந்து எழுதும் சிறுவன், நாளை எந்நாட்டிற்குச் சென்றாலும் தெளிந்த கண்ணோடு செல்வான். அத்தகைய சிறுவர் நம் வீடுகளிலிருந்து புறப்படட்டும்.