நந்தாவிளக்கும் நித்திய நியதியும்

திருக்கோயில் வழிபாட்டில் நிகழும் ஒவ்வொரு கிரியைக்கும் ஓர் உட்பொருள் உண்டென்பதும், தேங்காய் உடைத்தல் அகந்தையின் அழிவையும், திருநீறு யாக்கையின் நிலையாமையையும், விளக்கு அஞ்ஞானத்தை அகற்றும் ஞானத்தையும் குறிக்குமென்பதும் பலராலும் ஏற்றுக்கொள்ளப்பட்ட அபிப்பிராயங்களாம். இவ்விளக்கங்கள் அழகியவையே; ஆயினும், ஒரு கிரியை எதனைக் குறிக்கின்றது என்பதோடு நின்றுவிடாமல், அது யாரை எக்கடமையில் பிணிக்கின்றது என்றும் வினவினாலன்றி அதன் தாத்பரியம் முற்றும் புலப்படாது. இதனைச் சோழர் காலச் சாசனங்களில் மிகுதியாகக் காணப்படும் நந்தாவிளக்குத் தருமத்தைக் கொண்டு நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

இரவும் பகலும் அவியாது எரியவேண்டிய நந்தாவிளக்கொன்றுக்கு முற்பட்ட சாசனங்கள் பலவற்றில் 90 ஆடுகளும், பிற்பட்டவற்றில் பெரும்பாலும் 96 ஆடுகளும் விடப்பட்டன. தஞ்சை இராசராசேச்சரத்துச் சாசனங்கள் 96 ஆடுகளுக்கு ஈடாக 48 பசுக்களையோ 16 எருமைகளையோ கொள்கின்றன. அவற்றை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்டனர். நாலு உழக்கு ஒரு நாழியாதலின், ஆண்டொன்றுக்கு 91¼ நாழி நெய் வேண்டும். எனவே 96 ஆடுகளாயின் ஓர் ஆட்டின் பங்கு ஆண்டுக்கு ஒரு நாழிக்குச் சற்றே குறைவாகும். இறப்பனவற்றையும் மூப்பனவற்றையும் குட்டிகளைக்கொண்டு ஈடுசெய்து தொகை என்றும் குன்றாமற் காக்கவேண்டுமென்பதனாலேயே அவ்வாடுகள் சாவா மூவாப் பேராடுகள் எனப்பட்டன. அந்த எண்ணிக்கை, சுடர் ஒருநாளும் அவியாமைக்கு வேண்டும் பால்வளத்தைக் கருதி வகுக்கப்பட்டதென்று கொள்ளுதலே பொருத்தமுடையது.

கிரியையின் தாத்பரியம் அது பிணிக்கும் கடமையிலும் உள்ளதென்ற கருத்துக்கு வலிய சான்று அரைவிளக்கு. முழுவிளக்குக்கு வேண்டிய பொருளில்லாதார் அதிற் பாதியை விட்டு அரைவிளக்குத் தருமம் செய்ததைச் சாசனங்கள் கூறுகின்றன. சுடர் ஞானத்தின் அடையாளம் மட்டுமேயாயின், அரைச்சுடர் எதன் அடையாளமாகும்? ஞானத்திற் பாதி என்று கூறுவாரில்லை. நாள்தோறும் உழக்கு நெய் அளிக்கும் கடமையில் ஒருவன் ஏற்ற பங்கு எனக் கொண்டால் மட்டுமே அரைவிளக்கு பொருளுடையதாகின்றது.

வேட்டையிற் குறி தவறி ஒருவனைக் கொன்றவனுக்கு, ஊராரும் நாட்டாரும் கூடி ஆராய்ந்து, அவன் வேண்டுமென்று செய்திலனாதலின் உயிர்த்தண்டம் விதியாது, கோயிலில் விளக்கு வைக்கப் பணித்த செய்திகளும் சாசனங்களில் உள. ஒரு கணத்தில் நிகழ்ந்த பிழைக்கு என்றும் முடிவுறாத கடமையைப் பிராயச்சித்தமாக விதித்தமை நோக்கத்தக்கது. அபராதமாகப் பொன் செலுத்தியிருந்தால் அன்றோடு அக்கணக்குத் தீர்ந்திருக்கும். விளக்கோ நாள்தோறும் செய்யப்படுவதனால், பிழையின் நினைவையும் அதன் பரிகாரத்தையும் ஒருங்கே ஊரின் நடுவே நிலைநிறுத்துகின்றது.

சேக்கிழார் கூறும் அடியார் வரலாறுகளும் இங்கே துணைநிற்கின்றன. கணம்புல்ல நாயனார் புல் விலைபோகாதபோது அதனையே விளக்காக எரித்து, அதுவும் யாமம்வரை நீடிக்கப் போதாமையால் தம் தலைமயிரை எரித்தார். திருவொற்றியூர்க் கலிய நாயனார் எண்ணெய்க்கு வழியற்றபோது தம் குருதியையே வார்க்கத் துணிந்தார். இருவரையும் அத்துயரத்துக்கு உள்ளாக்கியது தாம் ஏற்ற நியமம் தடைப்படுமென்ற அச்சமேயாம். விளக்கின் உட்பொருளைப்பற்றிய ஐயம் அவர்பால் எங்கும் காணப்படவில்லை.

கிரியையை இவ்வாறு கடமையாகக் காண்பது அதனை வெறும் வரவுசெலவுக் கணக்காக்கிவிடாதா என்று ஆட்சேபிக்கலாம். அஃது அன்று. தருமத்தைச் செய்தவன் மறைந்த பின்னும் அது நடைபெறவேண்டுமென்று சந்திராதித்தரை எல்லையாக வகுத்து, சிவனடியார் திருக்கூட்டமாகிய பன்மாகேசுவரரின் ரட்சையில் ஒப்படைக்கும் சாசனத்தில், இறைவனை நோக்கிய பக்தியும் பின்வருவோர்மீது கொண்ட நம்பிக்கையும் வேறுவேறாக நிற்பதில்லை. ஞானக் குறியீடு என்ற விளக்கம் ஒரு நாழிகை எரிந்து அவியும் விளக்குக்கும் பொருந்தும். நந்தாவிளக்கின் சிறப்போ அவியாமையில் உள்ளது. அவ்வவியாமையை இயற்றியவர்கள் கொடையாளரும் இடையரும் ஊரவையாரும் ஆதலின், கிரியையின் தாத்பரியத்தை ஆராய்வார் தத்துவ நூல்களோடு கோயிற் சுவர்களில் பொறிக்கப்பட்ட ஒப்பந்தங்களையும் சமமான பிரமாணமாகக் கொள்ளுதல் வேண்டும்.