சிதையாத வளைகோடுகள்

கடாரத்து மன்னர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்பிய வரலாற்றைச் சென்ற வாரம் கண்டோம். அந்நகர் அமைந்த சோழமண்டலத்திலும் அதன் அண்மையிலும், நம் காலத்திலேயே, திருச்சிராப்பள்ளியிலும் சென்னையிலும் புதுச்சேரியிலும் இருந்த கணித வல்லுநர் சிலர் உலகத்தாரோடு சரிநிகராக நின்று ஆராய்ந்த ஒரு சாஸ்திர விஷயத்தை இவ்வாரம் எடுத்துக்கொள்கிறேன். சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் ஆறாம் படிவத்தில் கணிதம் பயிலும் நம் பிள்ளைகள் மேனாட்டு மேதைகளின் பெயர்களைக் கேட்கும்போதே இவர்களுடைய பெயர்களையும் கேட்க வேண்டும் என்பது என் நெடுநாளைய ஆசை.

ரப்பர்த் தோட்டத்து ஆலையில் உறைந்த பாலின் பாளத்தை உருளைகளுக்கிடையே செலுத்தும்போது, பிழிந்து வழியும் நீரைக் கணக்கில் கொள்ளாவிடின், கனம் குறைந்த அளவுக்கு நீளம் பெருகி, பக்கவாட்டு முகத்தின் பரப்பளவு மாறாதிருக்கும். இவ்வாறே, தளத்திலுள்ள ஒவ்வொரு புள்ளியையும் வேறோரிடத்துக்கு அனுப்பி, உருவங்களை நீட்டினும் வளைப்பினும் அவற்றின் பரப்பை மட்டும் காக்கின்ற விதியையே பரப்புக் காக்கும் உருமாற்றம் என்கிறோம். கிரகங்களின் கதியை இவ்வழியில் ஆராய்ந்த பிரெஞ்சு மேதை பொவான்கரே, 1912இல் தாம் மறைவதற்கு முன் இத்தகைய உருமாற்றம் பற்றிய ஒரு தேற்றத்தை நிரூபணமின்றி வெளியிட்டார். மறு ஆண்டே அமெரிக்கராகிய பிர்க்காஃப் அதனை நிரூபித்தார்.

இத்தகைய உருமாற்ற விதியை மீண்டும் மீண்டும் பிரயோகித்தால் என்ன நேரும் என்பதே கேள்வி. 1969இல் எனோன் என்னும் வானநூலார், வர்க்கம் ஒன்றே சேர்ந்த மிக எளிய விதியிலும், ஒழுங்கான வளைகோடுகளைச் சூழ்ந்து புள்ளிகள் தாறுமாறாய்ச் சிதறக் கண்டார். ஆயினும் 1971இல் மக்மில்லன் காட்டிய உருமாற்றத்தில், மாறாத கணியம் ஒன்று இருப்பதனால், எப்புள்ளியும் தான் தொடங்கிய வளைகோட்டைவிட்டு ஒருபோதும் விலகுவதில்லை. தொகையிடத்தக்கவை எனப்படும் இவ்வகை உருமாற்றங்கள் மிக அபூர்வமானவை. 1988இல் குவிஸ்பெல், ராபர்ட்ஸ், தாம்ஸன் ஆகிய மூவர் 18 அளவைகள் கொண்ட ஒரு பெருங்குடும்பத்தையே கண்டெடுத்தது ஆகையால் சாமானியமான காரியமன்று.

இவற்றை முன்கூட்டியே இனங்காண வழி உண்டா? சுழலும் பம்பரத்தின் கணக்கில், விடைகள் முடிவிலியாகும் இடங்களை ஆராய்ந்தே கோவலெவ்ஸ்கயா அம்மையார் 1888இல் பரிசு பெற்றார். அந்த மார்க்கத்தையே 1991இல் கிராமாட்டிகோஸ், ரமானி, பாப்பகியோர்கியு ஆகியோர் படிப்படியாய்ச் செல்லும் உருமாற்றங்களுக்கும் ஏற்புடையதாக்கினர். (ரமானி என்பது நம்மூர்ப் பெயர்போல் ஒலிப்பினும் அவர் பிரான்ஸில் பணியாற்றியவர்.) மக்மில்லன் வகையைச் சேர்ந்த ஓர் உருமாற்றத்தில், எண் ஒன்றினை எய்தினால் அடுத்த படி முடிவிலி, அதற்கடுத்தது கழித்தல் ஒன்று, அதன்பின் அளவுக்குட்பட்ட எண் மீண்டும் தோன்றுவதோடு, இழந்துவிட்டதாக நாம் எண்ணிய தொடக்க ஞாபகத்தையும் தாங்கி வருகிறது. இவ்விதம் மீளாதது தொகையிடத்தக்கதன்று என்பது அவர்கள் கொள்கை. மீள்வதே போதிய சான்றாகாது என்பதை 1998இல் ஹியேட்டாரிண்டாவும் வியாலேயும், மீண்ட பின்னும் ஒழுங்கற்றே திரிகின்ற ஓர் உருமாற்றத்தைக் காட்டி நிறுவினர்.

இத்துறையில், திருச்சிராப்பள்ளிப் பாரதிதாசன் பல்கலைக்கழகத்து எம். லட்சுமணனும், பின்னர்ச் சென்னைப் பல்கலைக்கழகத்து இராமானுஜன் கணித ஆய்வு நிலையத்தில் விளங்கிய ஆர். சகாதேவனும், பிணைந்தாடும் அலைவிகளுள் எவை தொகையிடத்தக்கவை என்பதை நிர்ணயித்து 1993இல் வெளியிட்ட நெடுங்கட்டுரை இன்றும் படித்துப் பயன்கொள்ளத் தக்கது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்து கே. எம். தமிழ்மணியோ கிராமாட்டிகோஸ், ரமானி ஆகியோருடனேயே கூடி ஆராய்ந்தவர். 2003இல் புதுச்சேரியில் இத்துறைக்கென சர்வதேசப் பயிற்சிப் பள்ளி ஒன்று கூடியபோது அங்கே நிகழ்ந்த விரிவுரைகள், தமிழரசி தமிழ்மணியையும் பதிப்பாசிரியருள் ஒருவராகக் கொண்டு, மறு ஆண்டில் நூலாக வெளிவந்தன.