பொய்ச் சறுக்கல்



அமெரிக்கக் கால்பந்தில் பந்தை ஏந்தி ஓடுபவர் கால்களை முன்னே நீட்டித் தரையில் சறுக்கினால், "நான் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்" என்று பொருள். அதன்பின் அவர்மீது யாரும் மோதக் கூடாது. மோதினால் 15 கெஜம் தண்டனை. ஓடுபவரின் உடம்பைக் காக்க வந்த விதி இது.

2021 டிசம்பர் 4, சார்லட் நகரம். பல்கலைக்கழக அணிகள் மோதிய அட்லாண்டிக் கோஸ்ட் கூட்டமைப்பின் இறுதிப் போட்டி. பிட்ஸ்பர்க் அணியின் கென்னி பிக்கெட் பந்தோடு ஓடி வந்தவர், சறுக்கப்போவதுபோல் உடலைத் தாழ்த்தினார். வேக் ஃபாரஸ்ட் வீரர்கள் வேகத்தைக் குறைத்தார்கள். அவர் நிமிர்ந்து எல்லைக்கோடு வரை ஓடிவிட்டார். 58 கெஜ ஓட்டம்! அன்றைய விதிப்படி அது செல்லும், புள்ளிகளும் கிடைத்தன.

சாமர்த்தியம் என்று பலர் மெச்சினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒருமுறை ஏமாந்த எதிரணி, அடுத்த முறை உண்மையாகவே சறுக்குபவரையும் நம்பாமல் மோதும். அடிபடுவது ஏமாற்றியவரல்ல, வேறொரு பிள்ளை.

ஒரு வாரத்திற்குள் புது விளக்கம் வந்தது: சறுக்குவதாகப் பாவனை செய்தாலே பந்து அந்த இடத்தோடு நின்றுவிடும்.

போரில் சரணடைவதாக நடித்து எதிரியைக் கொல்வதை 1977ஆம் ஆண்டின் ஜெனீவா கூடுதல் நெறிமுறை தடைசெய்வதும் இதற்காகத்தான். பொய்யாகச் சரணடைபவர், மெய்யாகச் சரணடைபவரின் உயிரைப் பணயம் வைக்கிறார்.