அஞ்சலட்டையும் அந்தரங்கமும்

1879-ம் வருஷம் ஜூலை மாதம் முதல் தேதியன்று இந்தியத் தபாலிலாகா காலணா விலையில் அஞ்சலட்டையை வெளியிட்டபோது, அரையணா கொடுத்து உறையிட்ட கடிதம் அனுப்புவதற்குச் சக்தியற்ற ஏழைக் குடும்பங்களுக்கும் தூரதேசத்திலிருந்த உற்றாரோடு பேசும் பாக்கியம் கிட்டியது. ஆனால் அந்தப் பாக்கியத்தோடு கூடவே, எழுதியவரையும் பெறுபவரையும் தவிர, தபால் பையைக் கட்டுகிறவர், பிரிக்கிறவர், சுமந்து வருகிறவர், திண்ணையில் வாங்கி வைக்கிறவர் ஆகிய அத்தனை பேரும் வாசிக்கத்தக்க திறந்த கடிதம் ஒன்று நம் வீடுகளுக்குள் பிரவேசித்தது. பத்து வருஷங்களுக்கு முன் ஆஸ்திரிய-ஹங்கேரி ராஜ்யத்தில் பிறந்து, அதற்கடுத்த வருஷமே இங்கிலாந்துக்கும் பரவிய இந்த அட்டையைப் பற்றி, வேலைக்காரர்கள் எஜமானர்களின் சமாசாரங்களைப் படித்துவிடுவார்களே என்ற கவலை அங்கேயும் எழாமலில்லை.

நம்மவர்கள் இந்தக் கவலையை ஒரு வழக்கத்தால் தீர்த்துக்கொண்டார்கள். க்ஷேமலாபம், மழை, விளைச்சல், வருகிற தேதி, ரயில் வந்து சேரும் நேரம் ஆகியவை அட்டையில் ஏறின. கடன், பங்காளிச் சண்டை, புகுந்த வீட்டில் பெண் படும் கஷ்டம், மூன்று மாதம் நிறையாத கர்ப்பம் ஆகியவை ஏறவில்லை. சொல்ல வேண்டியது மிகுந்திருக்கும் இடத்தில், ‘மற்றவை நேரில்’ என்று எழுதி முடித்துவிடுவார்கள். அதைப் படித்தவருக்கு ஏதோ இருக்கிறது என்று தெரியும். இடையில் படித்த எவருக்கும் ஒன்றும் தெரியாது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய கடிதம் சுபச் செய்தியைக் கொண்டுவந்து வீட்டுக் கம்பியில் மற்றத் தபால்களோடு கோக்கப்பட்டது. மூலையில் கறுப்புத் தீற்றிய அட்டையோ, படித்த மாத்திரத்தில் கிழித்தெறியப்பட்டது. எது வீட்டைவிட்டு வெளியே போகலாம், எது உள்ளேயே தங்க வேண்டும், வந்ததில் எதை வைத்துக்கொள்ளலாம், எதை அழித்துவிட வேண்டும் என்ற விவேகத்தை எந்தச் சட்டமும் கற்பிக்காமல், ஒவ்வொரு குடும்பமும் தானே வகுத்துக்கொண்டு குழந்தைகளுக்கும் சொல்லிக் கொடுத்தது.

பழைய வீட்டில் அந்தரங்கம் பூரணமாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. எழுத்தறியாத பெண்களுக்குத் தபால்காரரோ பள்ளிக்கூடத்துப் பையனோ படித்துக் காட்டியபோது, தாய் தன் மகளுக்குச் சொல்லிய வார்த்தை தெருவிலுள்ள நாலு பேர் காதிலும் விழுந்தது. படிக்கத் தெரிந்த மருமகளுக்கு வந்த கடிதத்தைக்கூட மாமனார் முதலில் பிரித்துப் பார்ப்பது பல இல்லங்களில் நியாயமென்றே கருதப்பட்டது. வீட்டின் மானம் காக்கப்பட்டதே தவிர, வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் மனமும் காக்கப்படவில்லை. 1950-ல் உள்நாட்டுக் கடிதம் என்ற நீலத்தாள் வந்து, மடித்து ஒட்டினால் உள்ளே இருப்பது தெரியாது என்ற நிலையைக் குறைந்த செலவில் உண்டாக்கியபோது, நம் பெண்களுக்கு அது செய்த உபகாரம் சாமானியமானதன்று.

அரசாங்கத்தார் கடிதங்களைப் பிரித்துப் பார்ப்பது வேறொரு நெடுங்கதை. 1844-ல், லண்டனில் அடைக்கலம் புகுந்திருந்த இத்தாலிய தேசபக்தர் மாஜினி, தமக்கு வரும் கடிதங்கள் தபாலாபீசிலேயே பிரிக்கப்படுவதாகச் சந்தேகித்து, உறைக்குள் கசகசா விதைகளைப் போட்டு அனுப்பச் சொல்லி, அவை உதிர்ந்துபோனதைக் கொண்டு உண்மையைக் கண்டுபிடித்தார். உள்துறை மந்திரி சர் ஜேம்ஸ் கிரஹாமின் உத்தரவின் பேரில் அது நடந்ததென்று பார்லிமெண்டில் வெளியானதும் இங்கிலாந்து முழுவதும் கொந்தளித்தது. இந்தியாவில் 1885-ம் வருஷத்துத் தந்திச் சட்டமும் 1898-ம் வருஷத்துத் தபாலாபீஸ் சட்டமும் அதே அதிகாரத்தைச் சர்க்காருக்கு வெளிப்படையாகவே அளித்தன. சுதந்திரத்துக்குப் பிறகும் அவை நீடித்தன. டெலிபோனை ஒட்டுக்கேட்பதற்கு இன்னின்ன கட்டுப்பாடுகள் வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட் விதித்தது 1996-ல்தான்.

வீட்டின் அந்தரங்கத்தை நியாயஸ்தலம் தொட்டது 1962-ம் வருஷம் டிசம்பரில் தீர்ப்பான கரக் சிங் வழக்கில். சந்தேகத்தின் பேரில் கண்காணிக்கப்பட்ட ஒருவரின் வீட்டுக் கதவைப் போலீசார் நள்ளிரவில் தட்டி எழுப்புவது செல்லாதென்று நீதிபதிகள் கூறினார்கள். ஆயினும் அந்தரங்கம் அரசியல் சாசனம் உறுதியளித்த உரிமையாகாது என்றும் பெரும்பான்மையோர் அபிப்பிராயப்பட்டனர். முன்பு சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாயிருந்த சுப்பாராவ் அதை ஏற்காமல், அந்தரங்கம் தனிமனித சுதந்திரத்தின் இன்றியமையாத அம்சமென்று தனித் தீர்ப்பு எழுதினார். 1994-ல், தமிழ்நாட்டுப் பத்திரிகை ஒன்றின் சம்பந்தமாக எழுந்த ராஜகோபால் வழக்கில், ஒருவர் தம்முடையவும் தம் குடும்பம், விவாகம், தாய்மை, கல்வி ஆகியவற்றினுடையவும் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ள உரிமையுடையவர் என்று நீதிமன்றம் சொல்லிற்று. கடைசியில் 2017-ம் வருஷம் ஆகஸ்டு 24-ம் தேதியன்று, புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஏகமனதாக அந்தரங்கத்தை அடிப்படை உரிமையென்று ஸ்தாபித்தபோது, சுப்பாராவின் கருத்து ஐம்பத்தைந்து வருஷங்கள் கழித்து ஜயித்தது.

இந்த வெற்றி வந்த காலத்தில் வீட்டின் நிலைமையே மாறிவிட்டிருந்தது. 2004-ல் ஹார்வர்டு மாணவர்களுக்கு மாத்திரமென்று தொடங்கிய பேஸ்புக், 2006-ம் வருஷம் செப்டம்பரில் பதின்மூன்று வயது நிரம்பிய எல்லோருக்கும் வாயிலைத் திறந்தது. அதே மாதத்தில்தான், ஒருவர் தம் பக்கத்தில் செய்யும் சிறு மாற்றத்தையும் அவருடைய சிநேகிதர்கள் அனைவர் கண்ணிலும் கொண்டுபோய் நிறுத்தும் செய்தி ஓடையையும் அது ஏற்படுத்தியது. 2009 டிசம்பரில், அதுவரை மறைத்து வைக்கக்கூடியதாயிருந்த நண்பர் பட்டியல் முதலான விவரங்கள், உடையவர்களின் சம்மதத்தைக் கேளாமலே உலகறியப் பகிரங்கமாயின. அந்தக் குற்றச்சாட்டின் பேரில் அமெரிக்க மத்திய வர்த்தகக் கமிஷன் 2011-ல் அக்கம்பெனியை ஓர் உடன்படிக்கைக்கு உட்படுத்தி, அது மீறப்பட்டதென்று 2019-ல் 500 கோடி டாலர் அபராதம் விதித்தது. 2016 ஏப்ரலில் வாட்ஸ்அப் தன் செய்திகளுக்கெல்லாம் முழுமையான மறைகுறியாக்கம் அளித்து, இடையில் எவரும் படிக்க முடியாதபடி உறையை ஒட்டிக் கொடுத்தது மெய்தான். ஆனால் உறையைப் பிரித்த உறவினர் அதையே நூறு பேர் கொண்ட குழுவுக்கு அனுப்பிவிட்டால் அந்த ஒட்டுதலால் என்ன பிரயோஜனம்?

2023-ம் வருஷத்து எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயது நிரம்பாதவர்களின் விவரங்களைக் கம்பெனிகள் கையாளுவதற்குப் பெற்றோரின் அனுமதி வேண்டுமென்கிறது. ஆனால் ஒருவர் தம் சொந்தக் காரியத்துக்காகவோ வீட்டுக் காரியத்துக்காகவோ கையாளும் விவரங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அப்படி விலகி நிற்பது சரியென்றே எனக்குத் தோன்றுகிறது; குடும்பத்துச் சம்பாஷணைக்குள் சர்க்கார் புகுவதைச் சுப்பாராவைப் போன்றவர்கள் அரும்பாடுபட்டுத் தடுத்திருக்கிறார்கள். அதனால் வீட்டுப் படிக்கு உள்ளே இருக்கும் பொறுப்பு முழுவதும் வீட்டாருடையதாகிறது. அன்று மூன்றாம் மாதத்துக் கர்ப்பத்தை அட்டையில் எழுதாத குடும்பத்தின் சந்ததியார் இன்று பரிசோதனைச் சாலையின் படத்தையே பகிரங்கமாக வெளியிடுவதும், ஊருக்குப் போய்விட்டோம் என்று வீடு பூட்டியிருக்கும் நாட்களை அறிவிப்பதும், பள்ளிச் சீருடையோடும் பள்ளியின் பெயரோடும் குழந்தையின் முகத்தைக் காட்டுவதும் என் மனத்தை வருத்துகின்றன. மாமனார் பிரித்த கடிதத்தில் மருமகளுக்கு இழைக்கப்பட்ட அநீதி, பேசத் தெரியாத குழந்தைக்கு இன்று இழைக்கப்படுகிறது.

ஆகையால் வாசகர்களை நான் வேண்டுவது இதுதான். உங்கள் பதிவுகளை யார் பார்க்கலாமென்ற இடத்தில் ‘எல்லோரும்’ என்றிருப்பதை ‘நண்பர்கள்’ என்று இன்றே மாற்றுங்கள். காமிரா ஒவ்வொரு படத்தோடும் இடத்தைக் குறித்து வைப்பதை நிறுத்துங்கள். வந்த செய்தியில் கிழித்தெறிய வேண்டியதை அழித்துவிடுங்கள். படத்திலிருப்பவர் வீட்டுப் பெரியவராயினும் ஆறு வயதுப் பெண்ணாயினும், வெளியிடுவதற்கு முன் அவரைக் கேளுங்கள். அவர் வேண்டாமென்றால் அந்தப் படத்தை அனுப்பாதீர்கள்.