தீ விலக்கப்பட்ட காடு: பிலிகிரிரங்கன் மலையில் சருகுத்தீயும் உண்ணிச்செடியும்

முன்னுரை

காட்டுத்தீ என்றதும் இன்று அழிவு என்னும் பொருளே முதலில் தோன்றுகிறது. எனினும், தென்னிந்திய இலையுதிர் காடுகளின் வரலாற்றில் தீ அழிவாற்றலாக மட்டும் இருந்ததில்லை. வேளாண் கருவியாகவும் காட்டைப் பேணும் வழக்கமாகவும் இருந்துள்ளது. குறிஞ்சி நிலத்தார் காட்டை வெட்டிச் சுட்டுத் தினை விதைத்ததைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. பழங்கொல்லையைக் குறிக்கும் 'முதை', புதுக்கொல்லையைக் குறிக்கும் 'இதை' ஆகிய சொற்கள் இவ்வேளாண்மையின் தொன்மைக்குச் சான்றாகின்றன. இத்தகைய தீ குற்றமாக்கப்பட்ட வரலாற்றையும், அதன்பின் காட்டின் தாவர அமைப்பில் நேர்ந்த மாற்றத்தையும் கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. இம்மலை தமிழ்நாட்டின் சத்தியமங்கலம் காடுகளை ஒட்டியது. இரு பகுதிகளிலும் சோளகர் வாழ்கின்றனர்.

தீத்தடுப்பின் தோற்றம்

1864ஆம் ஆண்டு இந்தியாவில் ஏகாதிபத்திய வனத்துறை தோற்றுவிக்கப்பட்டது. அதன் முதல் தலைமை வன அலுவலர் டீட்ரிச் பிராண்டிஸ் ஜெர்மானியர். காட்டை மரவளமாகவும் வருவாயாகவும் கண்ட இத்துறைக்கு, தேக்கின் இளங்கன்றுகளைக் கருக்கும் தீ பகையாயிற்று. 1878ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டமும் 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டமும் ஒதுக்குக் காடுகளில் தீயிடுவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கின. தீத்தடுப்புக் கோடுகள் வெட்டப்பட்டன. காட்டெரிப்பு வேளாண்மை ஒடுக்கப்பட்டது.

இக்கொள்கையை வன அலுவலர் அனைவரும் ஒருமனதாக ஏற்கவில்லை. தீ முற்றிலும் விலக்கப்பட்ட சால் காடுகளில் இளங்கன்றுகள் தோன்றுவது குறைந்தது. பர்மாவின் தேக்குக் காடுகளைப் பற்றியும் இதே ஐயம் எழுந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் 'இந்தியன் பாரஸ்டர்' இதழில் இது விவாதப் பொருளாயிற்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சில பகுதிகளில், கோடைக்கு முன்னரே சருகை எரித்துவிடும் முன்னெரிப்பு முறையைத் துறையே கைக்கொண்டது. ஆயினும், துறை தன் பொறுப்பில் செய்தது மேலாண்மை எனப்பட்டது. மலைமக்கள் செய்தது குற்றமாகவே நீடித்தது.

சோளகரின் சருகுத்தீ

சோளகர் தம் மொழியில் 'தரகு பெங்கி' எனக் குறிப்பிடும் சருகுத்தீ ஆண்டின் முற்பகுதியில், கோடை முற்றுமுன் இடப்பட்டது. அப்போது சருகு குறைவாகவும் நிலத்தில் சிறிது ஈரம் எஞ்சியும் இருக்கும். ஆதலால் தீ தரையோடு தாழ்ந்து சென்று அடங்கும். வளர்ந்த மரங்களைத் தொடாது. புதர் குறையும், புதுப்புல் துளிர்க்கும், நெல்லி மரத்தைப் பற்றும் புல்லுருவி கட்டுப்படும் என்பது சோளகரின் பட்டறிவு.

1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் சரணாலயங்களில் தீயிடுவதைத் தடைசெய்தது. 1974இல் இம்மலை சரணாலயமாயிற்று. சோளகரின் காட்டெரிப்பு வேளாண்மையும் சருகுத்தீயும் நின்றன. பின்னர் நடந்த கள ஆய்வுகளின்படி, 1997இல் ஏறத்தாழ 41 விழுக்காட்டு மாதிரிப் பரப்புகளில் காணப்பட்ட உண்ணிச்செடி, 2008இல் ஏறத்தாழ 81 விழுக்காட்டுப் பரப்புகளில் காணப்பட்டது. தீ நின்றதே இப்பெருக்கத்திற்குக் காரணம் எனச் சோளகர் கருதுகின்றனர்.

உண்ணிச்செடியும் தீச்சுழற்சியும்

வெப்பமண்டல அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட உண்ணிச்செடி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச்செடியாகக் கல்கத்தா தாவரவியல் தோட்டத்திற்குக் கொண்டுவரப்பட்டது. அடர்ந்த புதராக வளர்ந்து மரக்கன்றுகளுக்குரிய ஒளியை மறைக்கும் இச்செடி, கோடையில் காய்ந்து தரைத்தீயை மரக்கிளைகளுக்கு ஏற்றும் ஏணியாகிறது. எரிந்தபின்னும் வேர்த்தண்டிலிருந்து மீண்டும் துளிர்க்கிறது. தீயும் உண்ணியும் ஒன்றையொன்று வளர்க்கும் இச்சுழற்சியை அங்கிலா ஹிரேமத், பாரத் சுந்தரம் ஆகியோர் 2005இல் ஒரு கருதுகோளாக முன்வைத்தனர்.

முதுமலைச் சான்று இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. அங்கு 1909-1921 காலப்பகுதியில் சுமார் 10 ஆண்டுகளாக இருந்த தீ மீள் இடைவெளி, 1989-2002 காலப்பகுதியில் சுமார் 3.3 ஆண்டுகளாகச் சுருங்கியதை ஆய்வுகள் காட்டுகின்றன. சட்டம் தீயை விலக்கியபோதும் தீ நிற்கவில்லை என்பது இதனால் பெறப்படும். எனவே, 'தீ வேண்டுமா, வேண்டாமா' என்னும் வினா போதாது. எப்பருவத்தில், எவ்வளவு எரிபொருள்மீது, யார் பொறுப்பில் இடப்படும் தீ என்பதே உரிய வினாவாகும்.

மீட்டெடுப்பும் உரிமையும்

உண்ணி மண்டிய காட்டில் பழைய சருகுத்தீயை உடனே இடுவது தீங்காகும். தாழ்தீ அங்கு பெருந்தீயாக மாறும். முதலில் புதர் அகற்றப்பட வேண்டும். சி.ஆர். பாபு உருவாக்கிய முறையில், செடியின் ஆணிவேர் மண்மட்டத்திற்குச் சற்றுக் கீழே வெட்டப்பட்டு, செடி தலைகீழாகக் கவிழ்த்து வைக்கப்படுகிறது. இதனால் மறுதுளிர்ப்புத் தடைபடும். அதன்பின் விதையிலிருந்து முளைப்பவற்றைத் தொடர்ந்து களைவதும் நாட்டுப்புற்களை நிலைநிறுத்துவதும் இன்றியமையாதன. ஒருமுறை வெட்டிவிட்டு விடப்படும் நிலத்தை உண்ணியே மீண்டும் கைப்பற்றும்.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டைப் பாதுகாக்கும் அதிகாரத்தைக் கிராம சபைகளுக்கு வழங்கியது. பிலிகிரிரங்கன் மலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட 2011ஆம் ஆண்டிலேயே சோளகரின் சமூக வன உரிமைகளும் ஏற்கப்பட்டன. ஆனால் சரணாலயத்தில் தீயிடுவதற்கான தடை தொடர்கிறது. பாதுகாக்கும் உரிமை கிடைத்தும், அதற்குரிய பழங்கருவி சட்டத்திற்குப் புறம்பாகவே நிற்கிறது.

முடிவுரை

தீத்தடுப்புக் கொள்கை எல்லாத் தீயையும் ஒன்றாகக் கண்டது. சருகுத்தீக்கும் பெருந்தீக்கும் இடையிலான வேறுபாட்டை அது ஏற்கவில்லை. சோளகரின் அறிவு அவ்வேறுபாட்டின்மீதே அமைந்தது. எனினும், அவ்வறிவு உருவான காட்டில் உண்ணிச்செடி இவ்வாறு மண்டியிருக்கவில்லை. ஆகவே, புதரகற்றலும் நாட்டுப்புல் மீட்பும் முன்செல்ல, சிறு பரப்புகளில் சோளகரின் பங்கேற்போடு சருகுத்தீயைச் சோதித்தறிவது பொருத்தமான வழியாகும். சருகுத்தீயை இட்டறிந்த முதியோர் வாழும் காலத்திலேயே அது நிகழ வேண்டும். அவர்களுக்குப் பின் அவ்வறிவு வாய்மொழிச் செய்தியாக மட்டுமே எஞ்சும்.